காலண்டர் மாட்டிய சுவர்

வாங்க தங்கச்சி, உள்ள வாங்க. ஏன் வெயில்ல நின்னுக்கிட்டு? எதிர்வீட்டுப் பிள்ளை அகல்யாவப் பத்தி விசாரிக்கத்தான வந்திருக்கீக? எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்காதீக. பட்டுச்சேலையும் இல்லாம வீட்டுச்சேலையும் இல்லாம நடுவாந்தரமா ஒண்ணைக் கட்டிக்கிட்டு, கையில ஒரு பை கூட இல்லாம, ஒரு பொம்பளை தெருவுல ஒவ்வொரு வாசலாப் பாத்துக்கிட்டே நடந்தா, அது பொண்ணு விசாரிக்க வந்த ஆளுதான். நானும் நடந்திருக்கேன். என் மகனுக்குப் பொண்ணு எடுக்குறப்ப அருப்புக்கோட்டையில ஒரு தெரு பாக்கி விடல.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. மோர் தரட்டா? வேண்டாமா? சரி, தண்ணியாவது குடிங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிர்றேன். நீங்க என்கிட்ட வந்தது நல்லதாப் போச்சு. இந்தத் தெருவுல மத்தவுக ஒண்ணு இல்லாததையும் பொல்லாததையும் சொல்லுவாக, இல்லாட்டி வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருப்பாக. நான் அப்படியில்ல. உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல.

அகல்யா நல்ல பிள்ளை. சொல்றேன், பொறுமையாச் சொல்றேன். அதுக்கு முந்தி நான் ஒண்ணு கேக்கணும். உங்க தம்பி என்ன படிச்சிருக்காப்ல? டிப்ளமாவா? சொந்தமா லேத்துப் பட்டறை. நல்லது. தப்பா எடுத்துக்கிடாதீக, படிப்புப் பேச்சு வந்தாலே எனக்கு என் மக ஞாபகம் வந்துரும். அவ ஞாபகம் வந்துட்டா என்னால சொல்லாம இருக்க முடியாது. யார்கிட்டச் சொல்றது? இந்த வீட்டுல நானும் இந்த டி.வி.யும்தான் இருக்கோம்.

அவ பேரு இந்துமதி. சாத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. இங்க கோவில்பட்டியில பஸ் ஏறி ஒரு கண்ணு அசந்தா சாத்தூர் வந்துரும். ஆனா நான் அந்த வீட்டுப் படி ஏறி வருசக்கணக்காச்சு. என் மக என்கூடப் பேசுறதில்ல. பெத்த தாயோட பேசுறதில்ல தங்கச்சி. நான் என்ன, யாரையும் கொலை பண்ணிட்டேனா? கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரர் மில்லுல ஃபிட்டரா இருந்தாக. இப்ப இல்ல, போய்ச் சேந்துட்டாக. அவுகளுக்கு மகளைப் படிக்க வைக்கணும்னு ஒரு கிறுக்கு. பன்னெண்டாப்பு முடிச்சதும் போதும்னு நான் சொன்னேன். காதுல போட்டுக்கல. மதுரையில பொம்பளைப் பிள்ளைக காலேஜ்ல கொண்டுபோய்ச் சேத்தாக. என்ன படிப்புங்கிறீக? சாப்பாட்டுப் படிப்பு. சிரிக்காதீக, நிசமாத்தான். எந்த நோய்க்காரன் எதைத் தின்னணும், எதைத் தின்னக் கூடாதுங்கிறதுக்கு ஒரு படிப்பு இருக்காம். அதுல பி.எஸ்சி., அதுக்கு மேல எம்.எஸ்சி. ஏட்டி, சோறு வடிக்கப் படிக்கிறதுக்கு மதுரைக்குப் போகணுமா, என்கிட்டக் கேட்டா நான் சொல்லித் தர மாட்டேனான்னு கேப்பேன். அவ விழுந்து விழுந்து சிரிப்பா. அப்ப எல்லாம் நல்லாச் சிரிப்பா.

முடிக்கிறப்ப மெடலு வாங்கினா. கறுப்பு அங்கியை மாட்டிக்கிட்டு, தலையில அந்தப் பலகைத் தொப்பி வச்சுக்கிட்டு, கையில சுருட்டுன காயிதத்தப் பிடிச்சு ஒரு போட்டோ எடுத்தாக. எங்க வீட்டுக்காரர் அதைப் பெருசாக்கி, கண்ணாடி போட்டு, அந்தா, டி.வி.க்கு மேல மாட்டினாக. வந்தவுக போனவுக ஒருத்தரையும் விடல. கேஸ் சிலிண்டர் போட வர்றவனைக் கூட நிக்க வச்சுக் காட்டுனாக. எம்மக எம்.எஸ்சி., எம்மக எம்.எஸ்சி.ன்னு ஒரே பேச்சு. அவளும் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்தா. அவளுக்குன்னு ஒரு ரூமு, ஒரு மேசை. சக்கரை வியாதிக்காரங்க அவ முன்னாடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி உக்காந்து கேட்டுட்டுப் போவாகளாம்.

சரி, கல்யாணம்னு ஒண்ணு பண்ணணும்ல? அங்கதான் வந்துச்சு வினை. எங்க ஆளுகள்ல பையனுக எல்லாம் மீசை முளைக்கவும் கடைக்குப் போயிருவானுக. பொம்பளைப் பிள்ளைகதான் படிச்சுத் தள்ளுதுக. படிச்ச மாப்பிள்ளை ஒண்ணு ரெண்டு வந்துச்சு. அவுக கேட்ட சீருக்கு நாங்க இன்னொரு பிறவி எடுக்கணும். கடை வச்சிருக்குற மாப்பிள்ளைக வந்தாக. வந்து இந்தா, இப்ப நீங்க இருக்குற இடத்துலதான் உக்காருவாக. நிமிந்து போட்டோவைப் பாப்பாக. முகம் மாறிரும். பஜ்ஜியத் தின்னு, காப்பியக் குடிச்சு, போயிப் போன் போடுறோம்பாக. போட மாட்டாக. ஒரு அம்மா என் மூஞ்சிக்கு நேராவே சொன்னா, எங்க பையனை இந்தப் பிள்ளை மதிக்காதுன்னு. இவ வாயே தொறக்கல. இவ மதிக்க மாட்டாள்னு போட்டோவைப் பாத்தே அந்தம்மா தெரிஞ்சுக்கிட்டா.

வயசு ஏறுது. அவளுக்குக் கீழ ஒரு தம்பி இருக்கான். அக்கா வீட்டுல இருக்கத் தம்பிக்குப் பண்ண முடியுமா? நல்லது கெட்டதுக்குப் போனா, இன்னும் அமையலையான்னு கேக்குறவுகளுக்குப் பயந்து நான் பந்திக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்துருவேன். அந்தச் சமயத்துலதான் தரகர் அனந்தப்பன் வந்தாரு. உள்ள வந்தவரு உக்காரக் கூட இல்ல. நின்னமானிக்கே அந்தப் போட்டோவைப் பாத்தாரு.

"மதினி, மாப்பிள்ளை வரலை வரலைங்கிறீக. வாற மாப்பிள்ளையத் தொரத்துறதுக்குச் செவுத்துல ஆளை நிறுத்தியிருக்கீகளே."

சாத்தூர்ல ஒரு இடம் இருக்குன்னாரு. கனகவேல்னு பேரு. தகப்பன் இல்ல, தாயி மட்டும். மிளகாய் வத்தல் கமிஷன் கடை. குடி கிடையாது, கூத்து கிடையாது. பன்னெண்டாப்பு படிச்சிருக்காரு. பிள்ளையும் பன்னெண்டாப்புன்னு சொல்லுவோம், ஜோடி சரியா இருக்கும்ன்னாரு. முதல்ல அந்தப் படத்தை எறக்குங்கன்னாரு.

நீங்களே சொல்லுங்க தங்கச்சி. ஊர்ல அவனவன் பத்தாப்பு பெயிலானதை டிகிரிங்கிறான். மெக்கானிக்கை இஞ்சினியருங்கிறான். இல்லாததை இருக்குன்னு சொன்னாத்தான பொய்யி? நாங்க இருக்குறதை இல்லைன்னோம். இதுல ஏமாத்து எங்கருந்து வந்துச்சு? அவுகளுக்கு என்ன நட்டம்? கடையில காக்கிலோ கேட்டவனுக்கு அரைக்கிலோ போட்டா திட்டுவானா?

எங்க வீட்டுக்காரர் குதிச்சாக. ரெண்டு மூணு நாள் சாப்பாட்டுத் தட்டுல கை வைக்கல. கடைசியில, என்னமும் செய்யி, அந்தப் படத்தை மட்டும் நான் என் கையால எறக்க மாட்டேன்னு சொல்லிட்டு மில்லுக்குப் போயிட்டாக. நான்தான் ஸ்டூலைப் போட்டு ஏறி எறக்கினேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு வந்த இந்து ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டா. அவ அப்ப அழுகல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"எத்தனை நாளைக்கும்மா நான் நடிக்கணும்?"

"ஒரு பிள்ளை பெறக்குற வரைக்கும்."

நான் அதை மனசறிஞ்சுதான் சொன்னேன். பிள்ளைன்னு ஒண்ணு ஆயிட்டா யாரும் நம்மளைத் தள்ளி விட முடியாதுல்ல.

படத்தை எறக்கினா, பின்னாடி செவுரு புதுப் பெயிண்டா இருக்கு. சுத்தி எல்லாம் மங்கிப் போயி, நடுவுல பளிச்சுன்னு ஒரு கட்டம். அதைப் பாத்தா எந்த முட்டாளுக்கும் தெரியும், இங்க என்னமோ இருந்துச்சுன்னு. பரண்ல கிடந்த சின்னக் காலண்டரை எடுத்து மாட்டினேன். அதைச் சுத்திக் கட்டம் தெரியுது. அப்புறம் பஜாருக்குப் போயி கடை கடையா ஏறி எறங்கி, நகைக்கடையில போட்ட பெரிய காலண்டரா ஒண்ணு வாங்கியாந்து மாட்டினேன். கச்சிதமா மறைச்சிருச்சு. அன்னைக்குலருந்து வருசா வருசம் அதே அளவு காலண்டர்தான் அங்க. அந்தா பாருங்க.

இதை எல்லாம் எதிர்வீட்டு பத்மாவதிகிட்டயும் சொல்லியிருக்கேன், அதான், அகல்யாவோட அம்மாகிட்ட. போன மாசம் கூட வந்து உக்காந்து கேட்டா. படத்தை எறக்குனதும் அந்த இடம் முடிஞ்சிருச்சாக்கான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. ஆமா, முடிஞ்சிருச்சுன்னேன். மாப்பிள்ளை வீட்டுல வந்தாக, உக்காந்தாக, காலண்டரைப் பாத்து நல்ல நாளு என்னைக்கு வருதுன்னு அதுலயே தேதி குறிச்சுட்டுப் போனாக.

அந்த மாப்பிள்ளை தங்கமான மனுசன். அதைச் சொல்லாம இருக்கக் கூடாது. பொண்ணு பாக்க வந்தப்பவே இந்துகிட்ட, மேல படிக்க ஆசை இல்லையான்னு கேட்டாரு. அவ என்னையப் பாத்தா. நான்தான், அவளுக்குப் படிப்பு ஏறலை தம்பின்னு சொன்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டு, எனக்கும்தான் அத்தைன்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே அத்தைன்னாரு பாத்துக்கோங்க.

அவளை உள்ளங்கையில வச்சுத் தாங்கினாரு. இங்கிலீஷ் தெரியாதுன்னு நாங்க சொல்லியிருந்தோம்ல, மாத்திரை அட்டையில இருக்குறதை எழுத்துக் கூட்டி அவளுக்கு வாசிச்சுக் காட்டுவாராம். அவ தலையை ஆட்டிக் கேட்டுக்குவாளாம். ஒரு தடவை தீபாவளிக்கு வந்தப்ப, இவளை இங்கிலீஷ் பேசச் சொல்லித் தர்ற கிளாஸ்ல சேத்துவிடப் போறேன் அத்தை, நல்ல மூளை இருக்கு, நீங்கதான் படிக்க வைக்காம விட்டுட்டீகன்னு என்னையக் கோவிச்சுக்கிட்டாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அடுப்படிக்குப் போயி முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சேன். இந்து அங்க வடை சுட்டுக்கிட்டு இருந்தா. அவ சிரிக்கல. அம்மா, இப்பச் சொல்லிரட்டான்னு கேட்டா. எண்ணெயப் பாரு, கருகுதுன்னேன்.

பேத்தி பெறந்தா. சொல்லிரட்டாம்மான்னு கேட்டா. பிள்ளைக்கு மொட்டை போட்டு முடியட்டும்னேன். மொட்டை போட்டோம். கேட்டா. உன் மாமியாக்காரி இருக்குற வரைக்கும் பொறுன்னேன். அந்தம்மா கல்லு மாதிரி இருக்கு, அது வேற விசயம். ஆனா நான் ஏன் சொன்னேன்? இவ நல்லா வாழணும்னுதான. சொல்லித்தான் என்ன ஆகப்போகுது? தராசு பிடிக்கிற வீட்டுல எம்.எஸ்சி.யை வச்சு என்ன செய்ய, வத்தல்ல காயப் போடவா?

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருந்த குடும்பந்தான். மாப்பிள்ளைக்குச் சக்கரை வந்துச்சு. இந்தக் காலத்துல யாருக்குத்தான் வரல? எனக்கும் இருக்கு. டாக்டர் மாத்திரை குடுத்தாரு, தின்னாரு. இவளும் வீட்டுல சோத்தைக் குறைச்சு அதைச் செஞ்சு இதைச் செஞ்சு, ஓரளவுக்குக் கட்டுக்குள்ள வச்சிருந்தா. மாமியாக்காரி மட்டும், எம்மகனைப் பட்டினி போட்டுக் கொல்றான்னு தெருவுல சொல்லிக்கிட்டு இருந்துச்சாம். சொல்லிட்டுப் போகுது.

அப்பப் பாத்து ஒருத்தன் வந்தான். கடைக்கு வத்தல் வாங்க வர்றவன், மூலிகைப் பொடியும் விக்கிறவன். இதைக் குடிங்க, இங்கிலீஷ் மாத்திரையத் தூக்கிப் போடுங்க, சக்கரை இருந்த இடம் தெரியாமப் போயிரும்ன்னானாம். இவரு வெள்ளை மனசுக்காரரு. நம்பிட்டாரு. மாத்திரையை நிறுத்திட்டாரு.

இந்து பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி வந்தா. வந்தவ செருப்பைக் கூடக் கழட்டல. "அம்மா, நான் இன்னைக்குச் சொல்லிரப் போறேன். நான் இதைத்தாம்மா படிச்சேன். மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு நான் சொன்னா, பன்னெண்டாப்பு படிச்ச உனக்கு என்னட்டி தெரியும், அவரு பரம்பரை வைத்தியருன்னு சிரிக்கிறாரு. நான் யாருன்னு சொன்னாத்தான் கேப்பாரு."

இப்ப நீங்க என் நெலமையில இருந்து யோசிங்க. எங்க வீட்டுக்காரர் போயி அந்த வருசம்தான் திதி குடுத்திருக்கு. என் மகனுக்கு அப்பத்தான் ஒரு இடம் கூடி வருது. பொண்ணு யாரு? அதே மாப்பிள்ளையோட அருப்புக்கோட்டைச் சித்தப்பா மக. அந்த வீட்டுல போயி, உங்களை இத்தனை வருசம் ஏமாத்தினோம்னு இவ சொன்னா அவுக எனக்குப் பொண்ணு குடுப்பாகளா? காறித் துப்புவாக. நான் அவ கையப் பிடிச்சுக் கெஞ்சினேன். தம்பி கல்யாணம் முடியட்டும்மா, முடிஞ்ச மறுநாள் நானே வந்து சொல்றேன்னேன். உங்க அப்பா இல்லாத வீடு, நீயும் இப்படிப் பண்ணினா நான் என்ன செய்வேன்னு அழுதேன். அவ செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போயிட்டா. ஒரு வாய்த் தண்ணி குடிக்கல.

சொல்லல. என் பிள்ளை என் பேச்சைக் கேட்டா. அதைப் பெருமையாத்தான் சொல்றேன். அப்ப எல்லாம் கேட்டா.

மகன் கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. மாப்பிள்ளைதான் பந்தியில நின்னு பாத்துக்கிட்டாரு. கொஞ்சம் இளைச்ச மாதிரி இருந்தாரு. நல்லாத்தான் இருக்குன்னேன், தொப்பை குறைஞ்சு அழகா இருக்கீகன்னேன். இந்து என்னைய ஒரு பார்வை பாத்தா. மறுநாள் வந்து சொல்றேன்னு சொன்னேன்ல, மறுநாள் எப்படிப் போக முடியும்? மறுவீடு, விருந்துன்னு வேலை கிடக்கு. புதுச் சம்பந்தம். கொஞ்ச நாள் ஆறட்டும்னு விட்டேன்.

அதுக்குள்ள கடையில சாக்குத் தைக்கிற ஊசி அவரு கால்ல குத்தியிருக்கு. சக்கரைக் காலு, குத்துனது அவருக்கே தெரியல. தெரிஞ்சப்ப விரல் கறுத்துப் போச்சு. அப்பவும் அந்தப் பொடிக்காரன் ஒரு தைலத்தைக் குடுத்திருக்கான். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேத்தாக. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக தங்கச்சி. அந்த ஆளு மூடை தூக்கினா ரெண்டு ஆளு பலம்பாக.

நான் தூக்குச் சட்டியில கஞ்சி கொண்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரு கட்டில்ல படுத்திருக்காரு. இவ பக்கத்துல. என்ன சாப்பாடு குடுக்கணும்னு சொல்றதுக்கு வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு பிள்ளை வந்துச்சு. வந்தது இந்துவைப் பாத்து அப்படியே நின்னுருச்சு.

"இந்து அக்கா தானே? நாங்க காலேஜ்லருந்து டிரெயினிங் வந்தப்ப நீங்கதானேக்கா சக்கரைப் பாடம் நடத்துனீங்க. எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க இப்ப?"

நான் குறுக்க போயி, கஞ்சி ஆறுதும்மான்னேன். அந்தப் பிள்ளை விடல. கட்டில்ல கிடக்குறவரைப் பாத்து, சார், உங்களுக்கு நாங்க என்ன சொல்றது, எங்க காலேஜ் மெடலே உங்க வீட்டுல இருக்குன்னுச்சு. அப்புறம் துப்பட்டியக் கொஞ்சம் விலக்கிக் காலைப் பாத்துச்சு. குரலைத் தாழ்த்தி, நீங்க இருந்துமாக்கா இப்படின்னு கேட்டுச்சு. கெட்ட எண்ணத்துல கேக்கல. சின்னப் பிள்ளை. ஆனா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?

அது போன பெறகு மாப்பிள்ளை மேலயே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாரு. பெறகு மெதுவாக் கேட்டாரு.

"அந்தப் பொடியைக் குடிச்சா இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா இந்து?"

"தெரியும்."

"நீ சொன்ன. நான்தான் பன்னெண்டாப்புன்னு சிரிச்சேன்."

அவ அப்பத்தான் அழுதா. கல்யாணத்துக்கு அப்புறம் அவ அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். அவரு கையை நீட்டி அவ தலையில வச்சாரு. அவளைத் திட்டவே இல்ல. திட்டியிருந்தாக் கூட எனக்கு ஒரு மாதிரி ஆறுதலா இருந்திருக்கும். என் பக்கம் திரும்பினாரு.

"படிச்சவன்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேனே அத்தை."

கேட்டிருப்பாராம். பொண்டாட்டி சொன்னதைக் கேக்காத மனுசன், எம்.எஸ்சி. பொண்டாட்டி சொன்னா மட்டும் கேட்டிருப்பாராக்கும்? அங்கியைப் போட்டுக்கிட்டு நின்னு சொல்லணுமாக்கும்? பொடி குடுத்தது எவனோ. குத்துனது ஊசி. மாத்திரையத் தூக்கிப் போட்டது அவரு. கடைசியில பழி யாரு மேல? என் மேல. நான் கஞ்சிச் சட்டியை அங்க ஸ்டூல் மேல வச்சுட்டு வந்தேன். அதைத் தொட்டாகளோ, கொட்டுனாகளோ, தெரியாது.

கொஞ்ச நாள் கழிச்சு இந்து இங்க வந்தா. நான் சந்தோசமா வா வான்னேன். அவ நேரா ஸ்டூலைப் போட்டுப் பரண்ல ஏறினா. படம் பரணோட கோடியில, பித்தளை அண்டாவுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. அவ அப்பா அவுக வேட்டியில சுத்தி வச்சிருந்தாக. எனக்கே அது தெரியாது. நான் சாக்குலதான் போட்டிருந்தேன். அவுக எப்ப ஏறி எப்ப சுத்தி வச்சாகளோ. இவ அந்த வேட்டியக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கண்ணாடியத் துடைச்சா. நான் கேட்டேன், அதைக் கொண்டுபோய் என்னட்டி செய்யப் போறன்னு. மாட்டப் போறேன்னா. என்கிட்ட அவ கடைசியாப் பேசுனது அதுதான். பஸ்ல அதை மடியில வச்சு, எல்லாரும் பாக்குற மாதிரி முன்பக்கமாத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டுப் போனாளாம். நம்ம தெரு ஆளு ஒருத்தர் அதே பஸ்ல போயிருக்காரு, சொன்னாரு.

இப்ப சாத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. மறுபடி ரூமு, மேசை. வீடு அவ வருமானத்துலதான் ஓடுது. மாப்பிள்ளை செயற்கைக் காலு மாட்டிக்கிட்டுக் கடையில உக்காந்திருக்காரு. அந்தப் படத்தை எங்க மாட்டியிருக்காகங்கிறீக? வீட்டுல இல்ல. கடையில, கல்லாவுக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல. மிளகாய் விளைவிச்சு விக்க வர்ற சம்சாரி எல்லாத்துகிட்டயும் காட்டி, என் வீட்டுக்காரி எம்.எஸ்சி., சக்கரை இருந்தாப் போயிப் பாருங்கன்னு சொல்றாராம். எங்க வீட்டுக்காரர் எப்படிச் சொன்னாகளோ அதே மாதிரி.

போன ஆவணியில பேத்திக்குக் காது குத்துனாக. தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும், அதனால என் மகனைக் கூப்பிட்டாக. போனான், மருமகளும் போனா. எனக்குச் சொல்லல. நான் அன்னைக்குப் பூரா சேலை மாத்திக்கிட்டு இந்தக் கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், கடைசி நேரத்துலயாவது இந்து கார் அனுப்புவாள்னு. சாயங்காலம் மகன் வந்தான். ஒரு தூக்குச் சட்டியக் குடுத்தான். அக்கா குடுத்து விட்டுச்சுன்னான். ஆஸ்பத்திரியில நான் வச்சுட்டு வந்தேன்ல, அதே சட்டி. தொறந்து பாத்தா, வரகரிசிச் சோறு, உப்புக் குறைச்ச குழம்பு, ரெண்டு காய். சக்கரைக்காரிக்குன்னு தனியாச் சமைச்சிருக்கா. விருந்துச் சோத்துல ஒரு பருக்கை இல்ல, ஒரு துண்டு இனிப்பு இல்ல. ஒரு வார்த்தையும் இல்ல.

எனக்கு அழுகை வந்துச்சு தங்கச்சி. ருசியே இல்லாத சோறு. ஒண்ணு விடாமத் தின்னேன்.

இப்பச் சொல்லுங்க, நான் என்ன தப்பு செஞ்சேன்? அவளுக்குப் புருசனைத் தேடிக் குடுத்தது நான். பிள்ளைய அவ பெத்தது நான் சேத்து வச்ச கல்யாணத்துல. அவ தம்பி குடும்பமா இருக்குறது நான் வாயை மூடச் சொன்னதால. அவன் பொண்டாட்டியோட கோயமுத்தூருக்குப் போயிட்டான், நல்லது கெட்டதுக்கு வாரான், அது வேற விசயம். எல்லாருக்கும் எல்லாம் நடந்துச்சு. நான்தான் காலண்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஐயோ, நீங்க கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. அகல்யா. நல்ல பிள்ளை. சத்தமாப் பேசாது. நிமிந்து நடக்காது. எனக்கு பி.பி. ஏறி விழுந்தப்ப அதுதான் ஓடி வந்து ஊசி... ஆட்டோ கூட்டிட்டு வந்துச்சு. வீட்டைப் பாத்துட்டீகளா? காலையிலயே உள்ள போயி உக்காந்து பேசிட்டுத்தான் வாரீகளா? பிடிச்சிருக்குல்ல? சுத்தமான வீடு.

என்ன, செவுரா? டி.வி.க்கு மேலயா? முருகன் காலண்டர். ஆமா, மாட்டியிருப்பாக. சின்னக் காலண்டரா? அதைச் சுத்திச் செவுரு கட்டமா வேற நிறத்துல தெரியுதா.

அது ஒண்ணுமில்ல தங்கச்சி. அந்த வீட்டுச் செவுரு ஓதம் காக்கும். மழை பெஞ்சா தண்ணி எறங்கும், அதனால அங்கங்க அப்படித்தான் இருக்கும். பி.எஸ்சி.ன்னு சொன்னாகளா? பி.எஸ்சி.தான். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. எனக்குத் தெரியாதா, நான் எதிர்வீடு. உங்க தம்பிக்கு ஜோடி பொருத்தமா இருக்கும். தாராளமாப் பேசி முடிங்க.

கெளம்பிட்டீகளா? செருப்பு அந்தப் பக்கம் கிடக்கு பாருங்க. போறப்ப அந்த வீட்டுக்குச் சொல்லிட்டுத்தான போவீக? பத்மாவதிகிட்ட, எதிர்வீட்டு அக்கா கொஞ்சம் வந்துட்டுப் போகச் சொன்னான்னு சொல்லுங்க. வேற ஒண்ணுமில்ல. என்கிட்டப் பெரிய காலண்டர் ஒண்ணு சும்மா கிடக்கு.